புல்லட்டுக்கும் பிரவுனிங்குக்கும் என்ன சொந்தம், தெரியுமா?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் புல்லட் சத்தம் கேட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது பிறந்து வளர்ந்த ஊராயிற்றே! ஆனால் அந்த வண்டியின் பழைய முத்திரையில் ஒரு பீரங்கி இருக்கிறதே, அது எதற்கு, தெரியுமா? இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் சைக்கிள் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனிக்கு, என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையிலிருந்து உதிரி பாகம் செய்யும் ஆர்டர் கிடைத்தது. அந்தப் பெருமையில் 1893-இல் சைக்கிளுக்கு ‘ராயல் என்ஃபீல்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். துப்பாக்கி மாதிரி செய்த வண்டி என்பதே விளம்பரம்! 1955-இல் அந்தக் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் தொழில் திருவொற்றியூருக்கு வந்தது. ரெட்டிச்சில் தொழில் நின்றுபோன பிறகும் இங்கே நிற்கவில்லை. டாங்கின் வளைவில் தங்கக் கோடு போடுகிறவர் அளவுகோல், ஸ்டென்சில் எதுவும் வைத்துக்கொள்ளாமல், தூரிகையை அசையாமல் பிடித்து ஒரே இழுப்பில் இழுப்பார். கை நடுங்கினால் கோடு போச்சு.

ஆயுதக் கம்பெனி வண்டி செய்வது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். அம்பத்தூரில் செய்த பி.எஸ்.ஏ. சைக்கிளை மிதித்திருப்பீர்கள். பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பதன் சுருக்கம் அது. அந்தக் கம்பெனியின் முத்திரையே சாத்தி வைத்த மூன்று ரைஃபிள்கள்! மைசூரில் தயாரான ஜாவாவின் மூல முதலாளியான செக் நாட்டு ஜானெசெக்கும் ஆயுத வியாபாரிதான்.

இந்தக் குடும்பத்தில் ஒரு பெல்ஜியச் சகோதரன் உண்டு. வட சென்னைக்கும் அவனுக்கும் இருக்கிற தொடர்பைக் கேட்டால் அசந்துபோவீர்கள்!

லியேஜ் நகரை ஒட்டிய ஹெர்ஸ்டாலில், பெல்ஜிய ராணுவத்துக்கு 1,50,000 மௌசர் ரைஃபிள்கள் செய்து கொடுக்க 1889-இல் தொடங்கியது எஃப்.என். தொழிற்சாலை. பிறகு சைக்கிள், கார், மோட்டார் சைக்கிள் என்று எதையும் விடவில்லை. நான்கு சிலிண்டர் மோட்டார் சைக்கிளை 1905-இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். 1897-இல் இந்தக் கம்பெனியின் ஹார்ட் பெர்க் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். எதற்கு? சைக்கிள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவர! போன இடத்தில் ஜான் மோசஸ் பிரவுனிங்கைச் சந்தித்து, அவர் வடிவமைத்த கைத்துப்பாக்கியைப் பேசி முடித்துக்கொண்டு வந்தார். (இதே பெர்க்தான் பின்னாளில் ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு ஐரோப்பிய ஏஜென்ட். மனிதருக்கு மூக்கில் வியர்த்திருக்க வேண்டும்.)

அப்படிப் பிறந்ததுதான் 1900-ஆம் ஆண்டு மாடல் பிரவுனிங். பெல்ஜிய ராணுவம் அதே ஆண்டில் அதை ஏற்றுக்கொண்டது. கையில் எடுத்தால் ஒரு சாண் நீளம்கூட இருக்காது. ரிவால்வரைப் போல நடுவில் உருண்டையாகப் புடைக்காது. தட்டையாகச் சட்டைப்பைக்குள் போய்விடும். ஏழு தோட்டாக்களும் கைப்பிடிக்குள் அடக்கம். சுட்டதும் அந்த வெடிவிசையே மேல் சட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, காலிக் கூட்டை வெளியே வீசி, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு. குழலுக்கு மேலே ஒளிந்திருக்கும் ஒரே ஸ்பிரிங் இரண்டு வேலை பார்க்கும்: சட்டத்தை முன்னே தள்ளுவதும் அதுதான், ஊசியை அடிக்க வைப்பதும் அதுதான். ஒரு வேடிக்கை: கைப்பிடியின் கறுப்பு ரப்பர் பட்டையில், அதே துப்பாக்கியின் படத்தையே குட்டியாகப் பொறித்திருப்பார்கள்!

இந்த ஹெர்ஸ்டால் பட்டறையின் சரக்கு தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் வெடித்த நாள் 1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையம், காலை நேரம். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மனைவியோடு கொடைக்கானலுக்குப் போகிற வழியில் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியவர் என்று ஊரே கறுவிக்கொண்டிருந்த அதிகாரி. பெட்டிக்குள் ஏறிய இளைஞர் வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்துப் பிரவுனிங்கால்! பிளாட்பாரத்தில் ஓடி, கழிவறைக்குள் புகுந்து, அதையே தன் வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டார். கூட வந்த மாடசாமி பிள்ளை மாயமாக மறைந்தார். போலீஸ் கையில் கடைசிவரை சிக்கவே இல்லை.

சுடும் பயிற்சி எங்கே நடந்தது, தெரியுமா? புதுச்சேரியில். பிரெஞ்சுக்காரர் ஊர், பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் செல்லாது. சொல்லிக் கொடுத்தவர் வ.வே.சு. ஐயர், பிற்காலத்தில் தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடி என்று நாம் படிக்கிற அதே ஐயர்! வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதமும் பிரபலம்தான். ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டுக்கு ஐந்தே நாள் இருந்தபோது சிக்கியது. அதில் உள்ள சாதிப் பேச்சைச் சுற்றிய சச்சரவு இன்னும் ஓயவில்லை. ஓயவும் கூடாது, படிக்கவே கசப்பாக இருக்கிறது.

வழக்கு நடந்தது மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில். ராயபுரத்திலிருந்து பஸ் ஏறினால் சில நிறுத்தம்தான். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 14 பேர். மூன்று நீதிபதிகளில் ஒருவர் சி. சங்கரன் நாயர், காங்கிரஸ் தலைவராக இருந்தவர்! 1912-இல் தீர்ப்பு வந்து, குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல்வரான நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு ஆண்டு கடுங்காவல்.

இதோடு முடிந்ததா? 1904 ஜூன் 16, ஹெல்சிங்கியில் ரஷ்ய ஆளுநர் பாப்ரிகோவை, ஃபின்லாந்தின் ஷௌமான் சுட்டதும் எஃப்.என். பிரவுனிங்; அவரும் அங்கேயே தன்னைச் சுட்டுக்கொண்டார். 1909-இல் ஹார்பினில் ஜப்பானின் இத்தோவை, கொரியாவின் ஆன் ஜுங்-கூன் சுட்டதும் அதுவே.

அடுத்தது 1914 ஜூன் 28. சராயேவோவில் ஆஸ்திரிய இளவரசரை பிரின்ஸிப் சுட்டது 1910 மாடல் எஃப்.என்.! அந்தப் பொறியில் உலக யுத்தம் பற்றியது. யுத்தம் பற்றியதால் ஜெர்மன் கப்பல் எம்டன் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்தை நோக்கி நூற்றுக்கும் மேல் குண்டுகள்! பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகள் கொழுந்துவிட்டு எரிந்தன. ஊர் ஜனம் மூட்டை முடிச்சோடு கிளம்பியது. ஒரு குண்டு எங்கே விழுந்தது, தெரியுமா? உயர் நீதிமன்ற வளாகத்தில்! ஆம், ஆஷ் வழக்கு நடந்த அதே இடம். நினைவுக் கல்வெட்டு இன்றும் உண்டு. ஹெர்ஸ்டால் துப்பாக்கி ஒன்றின் வழக்கு நடந்த இரண்டே வருஷத்தில், இன்னொரு ஹெர்ஸ்டால் துப்பாக்கி கிளப்பிய யுத்தம் அதே வாசலில் வந்து வெடித்திருக்கிறது! (செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார் என்று சொல்வார்கள். நல்ல கதை, ஆதாரம்தான் இல்லை.)

கிளியரிங் ஏஜென்ட் வேலை தெரிந்த துறைமுகத்துக்காரர்கள் அடுத்ததை ரசிப்பார்கள். எம்டன் வருவதற்கு நான்கு வாரம் முன்னால், ஆகஸ்ட் 26, கல்கத்தா சுங்க அலுவலகம். ஆயுத வியாபாரி ராடா கம்பெனிக்கு வந்த 202 பெட்டிகளை எடுக்கப் போன குமாஸ்தா சிரீஷ் மித்ரா, 192-ஐ ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தார். மீதிப் பத்துப் பெட்டி ஏறிய மாட்டுவண்டி வேறு பக்கம் திரும்பிவிட்டது! உள்ளே 50 ஜெர்மன் மௌசர் கைத்துப்பாக்கிகள், 46,000 தோட்டாக்கள். மர உறையைப் பின்னால் மாட்டினால் தோளில் வைத்துச் சுடலாம். வங்கப் புரட்சியாளர்கள் பல வருஷம் அதை வைத்தே பிரிட்டிஷாரின் தூக்கத்தைக் கெடுத்தார்கள்.

மௌசர் என்றதும் சர்ச்சில்! 1896-இல் பம்பாய் சசூன் டாக்கில் படகிலிருந்து இறங்கும்போது தோள்மூட்டு பிசகியது. அந்தத் தோளால்தான் இரண்டு வருஷம் கழித்து ஓம்துர்மான் குதிரைப்படைப் பாய்ச்சலில் வாளை விட்டுவிட்டு மௌசரை எடுத்தார்.

காந்தியைச் சுட்டது இத்தாலிய ராணுவத்தின் 1934 மாடல் பெரெட்டா. அதன் தோட்டா ‘9 மி.மீ. ஷார்ட்’. வடிவமைத்தவர்? அதே பிரவுனிங்! சராயேவோவில் வெடித்ததும் அதே ரகத் தோட்டா.

பிரவுனிங் செத்ததும் ஹெர்ஸ்டாலில்தான். 1926 நவம்பரில், தொழிற்சாலையில் வேலையாக இருந்தபோதே மாரடைப்பு. அரைகுறையாக விட்டுப்போன வடிவத்தை சேவ் என்ற பெல்ஜியர் முடித்து, 1935-இல் 13 தோட்டா பிடிக்கும் ஹை-பவர் வந்தது. நம் ராணுவத்துக்காகக் கல்கத்தாவுக்கு அருகே இஷாபூரில் செய்த 9 மி.மீ. 1-ஏ பிஸ்டல் அதன் வாரிசு. கனடாவின் ஜான் இங்லிஸ் கம்பெனி செய்த மாதிரியைப் பார்த்துச் செய்தது. அந்த இங்லிஸ் என்ன ஆனது, தெரியுமா? யுத்தம் முடிந்ததும் வாஷிங் மெஷின் செய்யப் போய்விட்டது!