தானாகத் திறந்த கேட்: ஆர்எஃப்ஐடி ஆண்டெனா எவ்வளவு தூரம் பார்க்கணும்?

போன வருஷம் ஆடிக் கிருத்திகை முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட வாரத்தில் மாமா கூப்பிட்டார். "மாப்ள, டோல்கேட்ல வண்டி கிட்ட போனாலே கட்டை தானா தூக்குதே, அதை நம்ம மண்டபத்துல வெக்க முடியாதா? ஆவணி முகூர்த்தத்துக்குள்ள வேணும்."

திருத்தணி மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு சின்னக் கல்யாண மண்டபம் இருக்கிறது. பின்பக்கத் திடலில் 14 கடைக்காரர்கள் மாத வாடகைக்குக் கார் விடுகிறார்கள். ராத்திரி 11 மணிக்குக் கடை அடைத்து வருபவருக்கு வாட்ச்மேன் எழுந்து கேட் திறக்கணும். அவருக்கு 60 தாண்டிவிட்டது. முகூர்த்த நாளில் யார் நம்ம ஆள், யார் வெளியாள் என்று தெரியாமல் தகராறு வேறு. நான் சாஃப்ட்வேர் ஆள், பி.இ.யில் படித்த ஆண்டெனா பாடம் தேர்வோடு போச்சு. ஆனாலும் "பார்த்துடலாம் மாமா" என்று சொல்லிவிட்டேன்.

முதலில் அந்த ஸ்டிக்கர் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். உங்கள் கார் கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேகில் பேட்டரி கிடையாது. ஒரு கடுகளவு சிப், அதைச் சுற்றி மெல்லிய அலுமினிய ஆண்டெனா, அவ்வளவுதான். ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. பதில் சொல்லவும் அது புதிதாக அலை எதையும் அனுப்புவதில்லை. ஸ்கூலில் கண்ணாடித் துண்டை வெயிலில் பிடித்து, ஆட்டி ஆட்டி வாத்தியார் முதுகில் வெளிச்சம் அடிப்போமே, அதே வித்தைதான். வந்த அலையைக் கூட்டியும் குறைத்தும் திருப்பி அனுப்புகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில்தான் அதன் எண் இருக்கிறது.

இதற்கு இந்தியாவில் 2005-லேயே 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள். டிரான்ஸ்மிட்டர் 1 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆண்டெனா ஒரு திசையில் குவித்த பிறகு, அந்தத் திசையில் 4 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. 4 வாட் பெரிசா என்று கேட்டால், ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 866 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர். 10 மீட்டர் தள்ளி நிற்கும் டேகுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 30 மைக்ரோவாட். அதாவது 1 வாட்டைப் 10 லட்சமாகப் பிரித்து, அதில் 30 பங்கு. 10 மைக்ரோவாட் வந்தாலே விழித்துக்கொள்ளும் சிப்கள் இப்போது சாதாரணம், அதனால் பிழைத்தோம். 20 மீட்டர் போனால் அந்த 30-லும் கால் பங்குதான் மிஞ்சும்.

நான் ஆன்லைனில் வாங்கிய பெட்டியில், ரீடரும் ஆண்டெனாவும் ஒன்றாக வருவது, "15 மீட்டர்" என்று பெருமையாகப் போட்டிருந்தது. தூரம் அதிகம் என்றால் நல்லதுதானே என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு பண்ணினேன்.

மாட்டிய முதல் ராத்திரியே கேட் தன்னிஷ்டத்துக்குத் திறந்து மூடியது. வாட்ச்மேன் பயந்துபோய் விபூதி எடுத்து வந்துவிட்டார். லாகைப் பார்த்தால், உள்ளே நிறுத்தியிருந்த மாமாவின் கார்தான்! ஆண்டெனா முன்பக்கம் மட்டும் பார்ப்பதில்லை. பக்கவாட்டிலும் பின்னாலும் கொஞ்சம் கசியும். எதிரே இருந்த இரும்பு ஷட்டரில் பட்டு அலை உள்ளே திரும்பியும் போயிருந்தது. மறுநாள் சாயங்காலம் இன்னொரு கூத்து: தெருவில் டிராஃபிக்கில் நின்ற கடைக்காரர் ஒருவரின் காரைப் படித்துக் கேட் திறந்தது. கேட்டுக்கு முன்னால் நின்ற முன்பின் தெரியாத வேன் அப்படியே உள்ளே போய்விட்டது.

டோல்கேட்டில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? சென்னை போகும்போது பட்டரைப்பெரும்புதூரில் அண்ணாந்து பார்த்தேன். லேனுக்கு மேலே ஆண்டெனா. தூரத்தை அல்ல, தரையைப் பார்க்கிறது. வெளிச்சம் போல நினைத்துக்கொள்ளுங்கள்: தெருவிளக்கு வேண்டாம், மேஜை விளக்கு போதும். கேட் ஆண்டெனாவின் திறமை தூரத்தில் படிப்பதில் இல்லை, படிக்க வேண்டாததைப் படிக்காமல் விடுவதில்தான்.

எனவே பெட்டியை உயர்த்தி, கீழ்நோக்கிச் சாய்த்து, பவரைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். தரையைக் கீறி ஒரு கம்பி லூப் பதித்தோம். மேலே காரின் உலோகம் வந்து நின்றால் லூப்பின் இண்டக்டன்ஸ் மாறும். லூப் "வண்டி நிற்குது" என்று சொன்னால்தான் ரீடர் பேசவே ஆரம்பிக்கும். ஆவிக் கதை அத்தோடு முடிந்தது. ஒரே ஒரு கார் மட்டும் படிக்க மாட்டேன் என்றது. உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம்! அந்த அலைக்கு அது தகரச் சுவர் மாதிரி. டேகை ஹெட்லைட்டில் ஒட்டினோம், சரியாகிவிட்டது.

போகிற போக்கில் ஒன்று. அந்தப் பெட்டி வந்தபோது 902–928 மெகாஹெர்ட்ஸில், அதாவது அமெரிக்க வரம்பில் வைத்திருந்தார்கள். டேக்கள் 860 முதல் 960 வரை எதற்கும் பதில் சொல்லுமாறு செய்யப்படுவதால் எல்லாம் "வேலை செய்யும்", யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் நம் நாட்டில் 915 வரையிலான பகுதி மொபைல் போன்கள் டவரோடு பேசும் இடம். நீங்களும் இப்படி ஒன்று வாங்கினால் முதலில் மெனுவில் இந்தியா என்று மாற்றுங்கள். சட்டத்துக்காக மட்டும் இல்லை, பக்கத்து வீட்டு போனுக்காகவும்.

கடைசியாக வந்ததுதான் பெரிய விஷயம். எல்லார் காரிலும் ஃபாஸ்டேக் இருக்கிறது, 2021 பிப்ரவரியிலிருந்து டோலில் அது கட்டாயம். அதன் எண்ணையே சாவியாக வைத்தால் புது ஸ்டிக்கர் செலவு மிச்சம் என்பது மாமாவின் யோசனை. எனக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. கையடக்க ரீடரை எடுத்து அவர் கார் டேகின் எண்ணைப் படித்து, அவர் கண்ணெதிரிலேயே ஒரு வெற்று டேகில் எழுதி, அவர் காரை லூப் மேல் நிற்க வைக்காமல் என் நண்பரின் காரில் ஒட்டி ஓட்டிவரச் சொன்னேன். கேட் மரியாதையாகத் திறந்தது. மாமா ஒரு நிமிஷம் பேசவே இல்லை.

காரணம் எளிது. அந்த எண் ரகசியம் இல்லை. சரியான ரீடர் கேட்டால் யாரிடமும் சொல்லும். டோலில் அது பிரச்சினை ஆவதில்லை, ஏனென்றால் பணம் டேகில் இல்லை. டோல் பிளாசா பதிவு செய்த வங்கி வழியாக என்பிசிஐ-க்குக் கேட்கிறது, அங்கிருந்து உங்கள் வங்கிக்குப் போகிறது. 2022-ல் ஒரு பையன் கார் துடைக்கிற சாக்கில் வாட்ச்சால் பணம் திருடுகிறான் என்று வீடியோ சுற்றியது ஞாபகம் இருக்கா? பதிவு பெற்ற வணிகர் தவிர யாரும் அந்தப் பணத்தைத் தொட முடியாது என்று என்பிசிஐ அப்போதே மறுத்தது. சரிதான். ஆனால் மாமாவின் கேட்டுக்குப் பின்னால் வங்கி எதுவும் இல்லையே! எண் பொருந்தினால் கட்டை தூக்கும், அவ்வளவுதான்.

அதனால் 14 பேருக்கும் தனி டேக் ஒட்டினோம். அதில் நாம் எழுதும் எண்ணைப் பார்க்காமல், சிப் தயாரிப்பிலேயே பொறித்து வரும் டிஐடி என்ற எண்ணைச் சரிபார்க்கிறோம். வெற்று டேகில் எழுதி அதை நகலெடுக்க முடியாது. முயன்றால் போலி செய்யும் கருவி உண்டு, மறுக்கவில்லை. 2013-ல் வந்த ஜென்2-வின் இரண்டாம் பதிப்பில் டேகே ரகசியச் சாவியைக் கொண்டு தன்னை நிரூபிக்கும் வசதி இருக்கிறது. நான் வாங்கிய பெட்டிக்கு அது தெரியாது. ராத்திரி 11-லிருந்து காலை 5 வரை திறந்தால் வாட்ச்மேன் அறையில் ஒரு பஸ்ஸர் அடிக்கும், அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் போதும்.

முகூர்த்த நாளில் மட்டும் ரீடரை ஆஃப் செய்துவிடுகிறோம். அன்று பழையபடி வாட்ச்மேன்தான் கேட்டில் நிற்கிறார். பெண் வீட்டுக்காரர் யார், மாப்பிள்ளை வீட்டுக்காரர் யார் என்பதை எந்த டேகிலும் எழுதி வைக்க முடியவில்லை.