மர்ம நாவல் படிக்கும் பெரியவர்

துப்பறியும் கதைகளைப் படிப்பது காலத்தை வீணாக்கும் செயல் என்பது நம்மில் பலர் கொண்டுள்ள கருத்து. பள்ளிச் சிறுவன் படித்தால் தந்தை கண்டிப்பார். பேரன் பேத்தி எடுத்தவர் படித்தாலோ வீட்டாருடன் தெருவாரும் சேர்ந்து நகைப்பர். அவ்வாறு நகைப்புக்கு ஆளான பெரியவர் ஒருவரைப் பற்றி அங்கத்தினர்களுக்குக் கூற விரும்புகிறோம். அவரிடமிருந்து கூட்டுறவாளர் கற்றுக்கொள்ளத் தக்கது ஒன்று உண்டு.

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலை அவருடைய ஊர். வயது 78. இளமையில் மலைமேல் ஏலத் தோட்டம் ஒன்றின் உலர்ப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர். பறித்து வந்த ஏலக்காய் பசுமை மாறாமல் உலர்வதற்கு ஏறத்தாழ ஓர் இரவும் ஒரு பகலும் ஆகும். விறகுச் சூடு மிகுந்தால் காய் வெடிக்கும். குறைந்தால் நிறம் கெடும். ஆகவே இரவெல்லாம் அடுப்பருகே ஒருவர் விழித்திருக்க வேண்டும். உறக்கத்தை விரட்ட அவர் கண்டுபிடித்த துணையே மர்ம நாவல்.

முதலில் கையில் கிடைத்தது தமிழ்வாணன் படைத்த சங்கர்லாலின் கதை. பின்னர் தேவனின் துப்பறியும் சாம்பு வந்தான். பிறர் முட்டாள் என்று எண்ணிய ஒருவன் பெரிய திருட்டுகளை வெளிக்கொணர்வது பெரியவருக்கு மிகவும் பிடித்தது. சுஜாதாவின் கணேஷ், வசந்த் என்னும் வக்கீல்களையும், கோவையிலிருந்து 1500-க்கு மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்த ராஜேஷ்குமாரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

இவ்விலக்கியம் நேற்று முளைத்ததன்று. நடேச சாஸ்திரியார் ‘தானவன்’ என்னும் துப்பறிவாளன் கதையை வெளியிட்டது 1894-ஆம் ஆண்டில். ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908-இல் வெளிவந்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிய நாவல்களை, நம் பாட்டனார் காலத்தவர் விளக்கைத் தூண்டித் தூண்டிப் படித்தனர். ஆதலின் சிலமலைப் பெரியவருடைய பழக்கத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வமிசாவளி உண்டு.

ஆயினும் அவர் பட்ட தொல்லைகள் கொஞ்சமல்ல. “காடு வா வா என்கிற வயதில் கொலைக் கதை எதற்கு?” என்பது மனைவியாரின் அன்றாடக் கேள்வி. பேரனோ கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டுக் குற்றவாளியின் பெயரை வாசலில் நின்று உரக்கக் கூவுவான். மதுரைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கியவற்றுள் சில, முடிவுப் பக்கங்கள் இல்லாமல் இருக்கும். போடி–மதுரை ரயில், பாதையை அகலப்படுத்துவதற்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோனது. 2023 ஜூன் மாதத்தில்தான் மீண்டும் போடியை எட்டியது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் பெரியவருக்குப் புத்தகப் பஞ்ச ஆண்டுகளே.

அவரிடம் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. கதையில் முக்கால் பாகம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, குற்றவாளி இன்னார் என்று பின்னட்டையின் உட்புறத்தில் பென்சிலால் எழுதுவார். முடிவைப் படித்த பின், சரியா தவறா என்பதை ஒரு நோட்டில் பதிவார். அந்த நோட்டை நாம் பார்த்தோம். மொத்தம் 412 நூல்கள்; சரி 131, தவறு 281. “என் சந்தேகம் மூன்றில் இரண்டு தடவை நிரபராதி மேல்தான் விழுந்திருக்கிறது, ஐயா” என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய கண்ணில் புரை படர்ந்தது. வெளியே சொல்லவில்லை. மாலைதோறும் திண்ணையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு அமர்ந்தே இருந்தார். உண்மையைக் கண்டுபிடித்தவள் பேத்தி. தாத்தா படித்ததாகக் கூறிய மூன்று புத்தகங்களின் பின்னட்டையில் பென்சில் எழுத்தே இல்லை! அவள் வற்புறுத்தலால் தேனியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985 முதல் தேனியிலும் பணியாற்றி வருகிறது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில், 1891-ஆம் ஆண்டு லண்டன் நகரில் கண் வைத்தியராகத் தொழில் தொடங்கியவர் என்னும் செய்தியை நாம் கூறியபோது பெரியவர் அடைந்த மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று.

அவர் கண் மங்கியிருந்த இரண்டு ஆண்டுகளிலும் அவ்வட்டாரச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் சில நிமிஷங்களில் முடிந்தது. கணக்கு வாசிக்கப்பட்டது, கைகள் உயர்ந்தன, காபி வந்தது. மூன்றாம் ஆண்டுக் கூட்டத்தில் பெரியவர் அறிக்கையுடன் எழுந்தார். நாமும் அங்கிருந்தோம்.

“உரம் முன்னிருப்பு 40 மூட்டை, கொள்முதல் 300, விற்பனை 318. மீதி 22 இருக்க வேண்டும். அறிக்கையில் 10 என்று இருக்கிறது. அந்த 12 மூட்டைகள் எங்கே, தம்பி?”

கூடம் நிசப்தமாயிற்று. கிடங்குப் பொறுப்பாளரின் முகம் வெளுத்தது. பின்வரிசையில் ஒருவர் அவர் பெயரைச் சொல்லித் திருட்டு என்றே கூறிவிட்டார். வேறு இருவரும் அதை ஆமோதித்தனர். அப்போது பெரியவர் அவர்கள் பக்கம் திரும்பி, “நான் மூட்டையைத்தான் கேட்டேன், ஆளைக் கேட்கவில்லை. புத்தகங்களைப் பார்த்து முடிக்கும்வரை யார் பெயரும் வேண்டாம்” என்றார்.

மறுநாள் பதிவேடுகள் அனைத்தும் சரிபார்க்கப்பட்டன. மழையில் நனைந்து கட்டியாகிவிட்ட 12 மூட்டைகள், விற்றவரிடமே திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. திருப்பியனுப்பிய பதிவேட்டில் அது முறையாக எழுதப்பட்டிருந்தது. இருப்புப் பேரேட்டில் மட்டும் ஏறவில்லை. கேட்காமல் விட்டிருந்தால், அம்மூட்டைகளுக்காகச் சங்கத்துக்கு வரவேண்டிய தொகை மறக்கப்பட்டிருக்கும். கேட்டவுடன் தீர்ப்புக் கூறியிருந்தால், பிள்ளை குட்டிகளுடன் அவ்வூரில் வாழும் ஓர் ஊழியரின் மானம் பறிபோயிருக்கும்.

நம் சங்கங்களில் இவ்விரண்டு குறைகளும் உள்ளன. கணக்குக் கேட்பது திருடன் என்று கூறுவதற்கு ஒப்பாகும் என அஞ்சி நல்லவர்கள் வாய் திறப்பதில்லை. வாய் திறக்கும் சிலரோ ஆதாரம் வருமுன்பே ஆளைக் குறித்துவிடுகின்றனர். கேள்வி வேறு, குற்றச்சாட்டு வேறு என்பதைப் பெரியவர் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்கவில்லை. தம் நோட்டில் பதிந்த 281 தவறுகளிலிருந்து கற்றார்.

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் கூட்டுறவுக் கடை தொடங்கிய 28 முன்னோடிகளுள் நெசவாளர் பலர் இருந்தனர். அவர்கள் கடையுடன் வாசகசாலையும் அமைத்தனர். உபரியில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கு ஒதுக்கினர். படிக்கும் அங்கத்தினரே சங்கத்தின் காவலர் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஆகவே, வீட்டுப் பெரியவர் எதைப் படித்தாலும் தடுக்க வேண்டாம். கண் மங்கினால் காலத்தில் வைத்தியம் செய்வியுங்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு அறிவிப்பு வந்தவுடன், நெசவாளராயினும் விவசாயியாயினும், அறிக்கையைக் கேட்டு வாங்கி நிதானமாகப் படியுங்கள். கூட்டல் கழித்தலைச் சரிபாருங்கள். விளங்காத இடத்தில் பென்சிலால் ஒரு கோடிட்டு, கூட்டத்தில் எழுந்து, எவர் பெயரையும் கூறாமல், பொருள் எங்கே என்று மட்டும் கேளுங்கள்.