தூண்டிலை மறுபடி எடுப்பவர்களுக்கு

சின்ன வயதில் மூங்கில் கழியில் நரம்பு கட்டி, மண்புழு கோத்து ஓடைக்கரையில் உட்கார்ந்தவருக்கு அந்த ஆசை எத்தனை வருஷம் கழித்தும் போவதில்லை. கொல்லிமலையின் குண்டூர் நாட்டை விட்டு வேலைக்குப் போனவர்கள், விடுமுறையில் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து தூண்டிலை எடுத்தால், அது நல்ல விஷயம்தான். தக்கை ஒருமுறை அமுங்கினால் போதும், பழைய பதற்றம் அப்படியே கைக்கு வந்துவிடும்.

ஆனால் கொல்லிமலையில் தூண்டில் போடக் கூடாத துறை ஒன்று உண்டு. பெரியகோவிலூரில் அறப்பளீஸ்வரர் கோவிலை ஒட்டி ஓடும் ஐயாறு அது. அங்குள்ள மீன்களைச் சுவாமியாகவே நினைத்துப் பொரி போடுகிறார்கள். அறுத்துக் குழம்பில் போட்ட மீனை ஈசன் பொருத்தி, உயிரோடு ஆற்றுக்கு அனுப்பினார் என்பது ஊர் நம்பிக்கை. இந்த நம்பிக்கைதான் எந்தக் காவலும் இல்லாமல் அந்த மீன்களைக் காக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கர்நாடகத்தில் சிருங்கேரி துங்கை ஆற்றிலும் மீனைப் பிடிக்காமல் பொரி போடும் இதே வழக்கம்தான்.

மற்ற இடங்களில் மீன் பிடிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கெண்டை இனங்கள் பெரும்பாலும் மழைக்காலப் புதுவெள்ளத்தில்தான் முட்டையிடும். வயிறு பருத்த சினைமீன் மாட்டினால் விட்டுவிடுங்கள். விடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பு உரிந்து, நோய் தொற்றும்.