யார் உடம்பு, யார் கையெழுத்து?

1995 மே மாதம். மாதவிலக்கு நாள்கணக்கில் நிற்கவில்லை என்று தில்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் மகப்பேறு மருத்துவரிடம் காட்டப் போனார். திருமணமாகாதவர். ஸ்கேன் எடுத்தார்கள். லேப்ராஸ்கோப்பி செய்து உள்ளே பார்த்தால்தான் காரணம் தெரியும் என்றார் மருத்துவர். மறுநாளே அட்மிஷன். நோயறியவும் சிகிச்சைக்குமாக லேப்ராஸ்கோப்பி செய்யப்படும், வயிற்றைத் திறக்கவும் நேரலாம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டார். மயக்க மருந்து கொடுத்தார்கள்.

அவர் மயக்கத்தில் கிடக்கும்போதே உதவி மருத்துவர் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அவசரமாக வெளியே வந்தார். காத்திருந்த தாயிடம் இன்னொரு கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கர்ப்பப்பை, இரண்டு சினைப்பைகள், சினைக்குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அன்று அந்தப் பெண்ணின் உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இருக்கவில்லை. மயக்கம் தெளியும்வரை காத்திருந்து, அவரிடமே கேட்டிருக்க முடியும்.

வழக்கு நடந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2003-ல் தள்ளுபடி செய்தது. அவர் விடவில்லை, உச்ச நீதிமன்றம் போனார். 2008 ஜனவரி 16 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வுக்காக நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய தீர்ப்பு வந்தது. மருத்துவ அறநெறியில் இந்தியாவில் இதைவிட அடிக்கடி எடுத்துச் சொல்லப்படும் தீர்ப்புகள் குறைவு. நோயைக் கண்டறியக் கொடுத்த ஒப்புதல், உறுப்பை எடுப்பதற்கான ஒப்புதல் ஆகாது. வயதுவந்த, சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காகத் தாய் கையெழுத்துப் போட முடியாது. தற்காலிக மயக்கம் அந்த உரிமையைத் தாய்க்குக் கொடுத்துவிடாது. உயிரையோ உடல்நலத்தையோ காக்க, தள்ளிப்போட முடியாத அவசரம் இருந்தால் மட்டுமே ஒப்புதல் இல்லாமல் கத்தி வைக்கலாம்.

நோயாளியைக் காப்பாற்றுகிற பெரிய வார்த்தைகள்தான் எல்லாம். ஆனால் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய். அவர் கேட்டிருந்தது 25 லட்சம். மருத்துவர் வரம்பை மீறினார், ஆனாலும் நல்லெண்ணத்தோடு நோயாளியின் நன்மைக்காகவே செய்தார் என்று நீதிமன்றம் கருதியது. இந்த நல்லெண்ணம்தான் என்னை உறுத்துகிறது. கெட்ட எண்ணத்தோடு கத்தியைத் தொடுகிற மருத்துவர்கள் மிகச் சிலர். இன்னொரு முறை மயக்கம் கொடுக்க வேண்டாமே, இன்னொரு முறை செலவு வைக்க வேண்டாமே, எப்படியும் எடுக்க வேண்டியதுதானே என்கிற நல்ல மனதிலிருந்துதான் ஒப்புதல் மீறல்கள் பெரும்பாலும் பிறக்கின்றன. அறநெறி விதிகள் தேவைப்படுவதே இந்த இடத்தில்தான். கெட்டவரைத் தண்டிக்கக் குற்றவியல் சட்டம் இருக்கிறது. நல்லவர் அவசரப்படும்போது கையைப் பிடித்து நிறுத்துவதற்குத்தான் அறநெறி.

ஏறக்குறைய இதே கதை 1908-ல் நியூயார்க்கில் நடந்திருக்கிறது. மயக்கம் கொடுத்துப் பரிசோதிக்க மட்டும் சம்மதித்து, ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்ன ஒரு பெண்ணின் கட்டியை அறுவை மருத்துவர் எடுத்துவிட்டார். தன் உடம்புக்கு என்ன செய்யப்பட வேண்டும் என்பதைத் தெளிந்த மனமுள்ள வயதுவந்தவர் தானே முடிவு செய்கிறார் என்று 1914-ல் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ எழுதினார். மருத்துவமனை அறக்கட்டளை என்பதால் அந்தப் பெண் வழக்கில் தோற்றார். அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவரால் மற்றவர்களுக்குக் கிடைத்தது.

நம் ஊருக்கு வருவோம். எந்த ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டிலும் ஆபரேஷனுக்கு முந்தைய மாலையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கேஸ் ஷீட்டோடு சிஸ்டர் வருகிறார். கட்டிலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் முதல் கேள்வி: "அம்மா, உங்க வீட்டுக்காரர் எங்கே?" டீ குடிக்கப் போயிருக்கிறார் என்கிறார் அவர். "வந்ததும் நர்ஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்க, கையெழுத்துப் போடணும்." கணவர் வருகிறார், பேனாவை வாங்குகிறார், சிஸ்டர் விரல் வைத்துக் காட்டும் இடங்களில் எல்லாம் போடுகிறார். படிவத்தில் பாதி ஆங்கிலம். நோயாளி கையெழுத்திட வேண்டிய கோட்டில் அந்த அம்மாளிடம் கடைசியாகத்தான் வாங்குகிறார்கள். என்ன எடுக்கப் போகிறார்கள், சினைப்பையையும் சேர்த்தா, சேர்த்து எடுத்தால் பிறகு உடம்பு என்ன ஆகும், எடுக்காமல் மாத்திரையில் பார்க்க முடியுமா என்றெல்லாம் சொல்ல யாரும் அங்கே உட்காரவில்லை. சிஸ்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு அன்று மாலை இன்னும் பல கட்டில்கள் பாக்கி. அறுவை செய்யப்போகிறவர் செய்ய வேண்டிய வேலை அவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

வீட்டுக்காரரை முதலில் தேடும் பழக்கம் எங்கிருந்து வந்தது? சமூகத்திலிருந்து என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் மருத்துவர்களின் நடத்தையை ஆளுகிற விதியிலேயே அது இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் கொண்டுவந்த தொழில்முறை நடத்தை, மரபு, அறநெறி விதிமுறைகள்தான் இன்றும் நடைமுறையில் உள்ளவை. அதில் 7.16-ஆவது பிரிவு, ஆபரேஷனுக்கு முன் யாரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. முதலில் கணவர் அல்லது மனைவி. அடுத்து, சிறாராக இருந்தால் பெற்றோர் அல்லது பாதுகாவலர். அதற்குப் பிறகுதான் நோயாளி. யாருடைய வயிறோ அவர் வாக்கியத்தின் வாலில் நிற்கிறார். மருத்துவம் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் கற்றுக்கொள்ள வேண்டிய விதி இது.

அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. பிள்ளை பெறும் ஆற்றல் போய்விடக்கூடிய ஆபரேஷன் என்றால் கணவன், மனைவி இருவர் ஒப்புதலும் வேண்டுமாம். ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன்களுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2006-ல் வெளியிட்ட தர நெறிமுறைகளோ, துணைவரின் ஒப்புதல் தேவையில்லை என்கின்றன. கருக்கலைப்புச் சட்டம் அதற்கும் மூத்தது, 1971-ஐச் சேர்ந்தது. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவருடைய சம்மதம் போதும் என்பது அதில் தெளிவாகவே இருக்கிறது. அரை நூற்றாண்டு கழிந்த பிறகும், கணவர் கையெழுத்து இல்லாமல் கருக்கலைப்பு செய்ய மாட்டோம் என்று திருப்பி அனுப்பப்படும் பெண்கள் இருக்கிறார்கள். சட்டம் கேட்காத கையெழுத்தை ஆஸ்பத்திரி கேட்கிறது. பின்னால் சண்டை வந்தால் நமக்கெதற்கு வம்பு என்ற பயம். அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பவர் வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட பெண்.

கையெழுத்தை நோயாளியிடமே வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தைப் பார்க்க வேண்டும். கரும்பு வெட்டப் போகும் பெண்கள் அங்கே இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொள்வது 2019-ல் நாடு முழுக்கத் தெரியவந்தது. மாநில அரசு அமைத்த குழு ஆராய்ந்த 82,000-க்கும் மேற்பட்ட பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை இழந்திருந்தார்கள். மாதவிலக்கு என்று ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் கட்ட வேண்டும். வெள்ளைப்படுதல், வயிற்றுவலி என்று தனியார் கிளினிக்குக்குப் போனால், எடுக்காவிட்டால் கேன்சர் வரும் என்ற எச்சரிக்கை. யாரும் அந்தப் பெண்களைக் கட்டிப் போடவில்லை. சம்மதித்துத்தான் படுத்தார்கள். பயத்தைக் காட்டி வாங்கிய சம்மதம் அது. நோயின் தீவிரத்தை மருத்துவர் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது என்று அதே 2002 விதிமுறைகளின் 2.3-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு பீட் வரை போய்ச் சேரவில்லை.

பீட் விதிவிலக்கு இல்லை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுக்கப்பட்டது பற்றிய பொதுநல வழக்கில், மத்திய அரசின் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் கர்ப்பப்பை இல்லை. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அது இரு மடங்கையும் தாண்டுகிறது. சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் முப்பது வயதிலேயே மாதவிடாய் முற்றுப்பெற்ற உடம்பாகிவிடுகிறது. எலும்பு தேயும், இதயநோய் வாய்ப்பு கூடும். படிவத்தில் இதற்கு ஒரு வரி இருக்கலாம். வாயால் சொல்லப்பட்டதா என்பதே கேள்வி.

2008 தீர்ப்பில் நான் ஏற்க முடியாத பகுதி ஒன்று உண்டு. நோயாளிக்கு எவ்வளவு சொல்ல வேண்டும்? நோயாளி எதையெல்லாம் தெரிந்துகொள்ள விரும்புவார் என்பதை வைத்து அளப்பது அமெரிக்க வழி. அதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நம் நாட்டில் நோயாளிகள் பெரும்பாலும் ஏழைகள், மருத்துவரை முழுதாக நம்பி வருபவர்கள் என்று சொல்லி, மருத்துவத் துறை வழக்கமாக ஏற்கிற அளவுக்குச் சொன்னால் போதும் என்ற பிரிட்டிஷ் அளவுகோலை எடுத்துக்கொண்டது. அந்த பிரிட்டனே 2015-ல் அதைக் கைவிட்டுவிட்டது. நீரிழிவு உள்ள, சிறிய உடல்வாகு கொண்ட தாய் ஒருவரிடம், பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ள ஒன்பது, பத்து சதவீத வாய்ப்பு இருப்பதை மருத்துவர் சொல்லவில்லை. சொன்னால் சிசேரியன் கேட்பார் என்று நினைத்தார். தோள் சிக்கியது, குழந்தைக்கு மூளை பாதிக்கப்பட்டது. அந்தத் தாய்க்கு எது முக்கியமோ அதைச் சொல்லியாக வேண்டும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சட்டத்தையே மாற்றி எழுதியது. ஏழை, எழுதப்படிக்கத் தெரியாதவர், டாக்டரைக் கடவுளாக நம்புகிறவர் என்றால் அவருக்குக் குறைவாகச் சொல்வது எப்படி நியாயம்? கூகுளில் தேடவோ இன்னொரு மருத்துவரிடம் கேட்கவோ வழியில்லாத அவருக்குத்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

இது நம் நீதிமன்றங்களுக்குத் தெரியாததும் அல்ல. 2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில், இரண்டு மணி நேரத்தில், ஒரே அறுவை மருத்துவர் 53 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்தார். டார்ச் வெளிச்சத்தில் நடந்தது. அது பற்றிய வழக்கில் 2016-ல் வந்த தீர்ப்பு, ஆபரேஷனின் விளைவுகளை அவரவர் மொழியில் விளக்க வேண்டும் என்றதோடு, விளக்கிய பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் இடைவெளி விடவும் சொன்னது. மனம் மாறினால் எழுந்து போவதற்கான நேரம். இத்தனை ஆண்டுத் தீர்ப்புகளில் நோயாளியின் மனதை இவ்வளவு அருகில் சென்று பார்த்த உத்தரவு வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு மணி நேரம் யோசிக்க விட்டால் எந்த ஆஸ்பத்திரியும் நின்றுபோகாது.

தமிழ்நாட்டிலிருந்தும் சொல்ல ஒன்று உண்டு. பாலினக் கூறுகள் இருவகையும் கலந்து பிறக்கும் குழந்தைகளை ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்கிவிடும் ஆபரேஷன்கள் பற்றி 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். உயிருக்கு ஆபத்தான நிலை தவிர அந்த ஆபரேஷன்கள் கூடாது என்று அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. பேசத் தெரியாத குழந்தைக்காகவே காத்திருக்க வேண்டும் என்றால், மயக்கம் தெளியப்போகும் 44 வயதுப் பெண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாதா?

மருத்துவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அரசு ஆஸ்பத்திரி புறநோயாளிப் பிரிவில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு, ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேச முடியாது என்பது புரியும். எல்லாவற்றையும் சொன்னால் நோயாளி பயந்து ஓடிவிடுவார், நல்ல சிகிச்சை தவறிப்போகும் என்று உண்மையாகவே கவலைப்படும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர்" என்று கண்ணீரோடு கேட்கும் பிள்ளைகளும் நாம்தான். ஆனால் நேரம் இல்லாதது அமைப்பின் குறை. ஆள் போட்டுச் சரிசெய்ய வேண்டியது. அப்பாவிடம் மறைப்பதும் அன்பினால்தான். தன் கடைசி மாதங்களை எப்படிக் கழிப்பது என்று முடிவு செய்யும் வாய்ப்பு அந்த அன்பினால் அவர் கையிலிருந்து பறிபோகிறது.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று புதிய நடத்தை விதிகளை அறிவித்தது. அதில் ஒப்புதல் பற்றிய பகுதி நோயாளியிடமிருந்து தொடங்கியது. அவரால் ஒப்புதல் தர முடியாதபோதுதான் குடும்பத்தினர். ஆனால் மருந்துகளைப் பொதுப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று அதிலேயே இருந்த இன்னொரு விதிக்கு மருத்துவர் சங்கங்களிடமிருந்து பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அதே மாதம் 23-ஆம் தேதி விதிகள் மொத்தமாக நிறுத்திவைக்கப்பட்டன. மருந்துப் பெயர்ச் சண்டையில், அதோடு சம்பந்தமில்லாத ஒப்புதல் விதியும் சேர்ந்து முடங்கியது. மருந்துப் பெயர் விவகாரம் தீரும்வரை இதைக் கட்டிப்போட வேண்டிய அவசியமே இல்லை. 2002 விதிமுறைகளின் 7.16-ஐ மட்டும் தனியாகத் திருத்தி வெளியிட ஆணையத்துக்கு எந்தத் தடையும் கிடையாது.

அதுவரை நோயாளிகள் கையில் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போதே படிவத்தின் நகலைக் கேட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாம். 'தேவைப்படும் எந்தச் சிகிச்சையும்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி இருந்தால், எந்தெந்தச் சிகிச்சை என்று பெயர் சொல்லி எழுதித்தரச் சொல்லலாம். கூடுதல் ஆபரேஷன் தேவைப்படலாம் என்றால் அதற்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க 2008 தீர்ப்பே வழி வைத்திருக்கிறது. சிகிச்சை முடிந்தபின் கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது 2002 விதி. மறுத்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கட்டிலில் இருப்பவர் நம் அம்மாவோ மனைவியோ என்றால், சிஸ்டர் நம்மைத் தேடி வரும்போது, "முதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க சிஸ்டர், அவங்க கேட்டுட்டுப் போடட்டும்" என்று சொல்லலாம்.