வானம் பார்த்த பூமி

சாத்தூரைச் சுற்றிய கரிசலை வானம் பார்த்த பூமி என்பார்கள். மழைக்காக அண்ணாந்து பழகிய கழுத்துகள். 1942 ஏப்ரலில் தமிழ்நாடே வேறொன்றுக்காக அண்ணாந்து நின்றது.

ஜப்பானிய விமானங்கள் குண்டு போட வரும் என்ற பயம்; காரணமில்லாத பயமல்ல. 1941 டிசம்பர் 10 அன்று மலேயாக் கரைக்கு அப்பால் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரு பெரும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் சுமார் இரண்டு மணி நேரத்தில் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டார்கள். துணைக்கு வானில் ஒரு விமானமும் இல்லாமல் போன கப்பல்கள் அவை. டிசம்பர் 23இல் ரங்கூன் மீது குண்டு விழுந்தது. அங்கே பிழைக்கப் போன நம்மவர்கள் காட்டு வழியே நடந்து திரும்பினார்கள். வந்து சேராதவர்களும் ஏராளம். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பு. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து சுமார் 125 விமானங்கள் கிளம்பி வந்தன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது நாம்தான் என்று சென்னையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்னாவது என்று, உயிர்க்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் போரில் சென்னையில் செத்த புலிகளைக் கொன்றது ஜப்பான்காரன் அல்ல.

படையெடுப்பு வரவில்லை. கொழும்பைத் தாக்கிய ஐந்து கப்பல்களில் மூன்று அந்த ஜூனிலேயே மிட்வே அருகே மூழ்கின. மூழ்கடித்ததும் விமானங்கள்தான்.

போர் இங்கே விட்டுச் சென்றவை ஓடுபாதைகள். அன்று ராயல் விமானப்படைக்கு உதவிய மதுரையில் இன்று பெட்டியை உருட்டிக்கொண்டு பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள். தஞ்சாவூர்த் தளத்தில் 2020 ஜனவரி முதல் பிரமோஸ் ஏவுகணை சுமக்கும் சுகோய்-30 விமானங்கள் நிற்கின்றன. சாத்தூரிலிருந்து நாற்கரச் சாலையில் கோவில்பட்டியைத் தாண்டினால் கயத்தாறு. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். அங்கேயும் போர்க்காலத்தில் ஒரு விமானத் தளம் இருந்தது என்றால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் நம்ப மாட்டார். இன்று அந்த வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. விமானத்தின் விசிறிக்கு இரைச்சல் உண்டு. இவற்றின் நீண்ட இறக்கைகள் ஆடு மேய்க்கிறவர் தலைக்கு மேல் சோம்பலாகச் சுற்றுகின்றன.

பார்க்கும் கண்ணும் மாறிவிட்டது. கொழும்பை நோக்கி வந்த படையை ஏப்ரல் 4 மாலை முதலில் கண்டது இலங்கையின் கொக்கலாவிலிருந்து புறப்பட்ட ஒரு கடல் விமானம். அதில் இருந்தவர்கள் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அது சுட்டு வீழ்த்தப்பட்டது; பிழைத்தவர்கள் சிறைப்பட்டார்கள். இன்று உச்சிப்புளியின் ஐஎன்எஸ் பருந்து தளத்திலிருந்து கடலைப் பார்க்கப் போகும் விமானங்களில் ஆளில்லாதவையும் உண்டு. வீழ்ந்தாலும் சிறைப்பட ஆளில்லை. இதை லாபக் கணக்கில் எழுதத் தயக்கமில்லை. ஆளே போகாத போரைத் தொடங்குவது எளிதாகிவிடுமோ என்ற கவலையும் கூடவே வருகிறது.

போர் நடந்த அதே ஆண்டுகளில்தான் சிவகாசியில் பட்டாசுத் தொழிலும் வேர் பிடித்தது. கந்தகமும் அலுமினியத் தூளும் அன்று எங்கோ குண்டுக்குள் போயின; இங்கே மத்தாப்புக்குள் வந்தன. வானத்தில் வெடிப்பதைப் பார்க்கக் குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டுகிற ஊர்களாக நாம் ஆனது அப்படித்தான்.

ஆனால் பகலில் 'தொம்' என்று சத்தம் கேட்டால் சாத்தூரில் இன்று யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. மொட்டை மாடிக்கு ஓடி, அடிவானத்தில் எந்தப் பக்கம் புகை எழுகிறது என்று தேடுவார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த வட்டாரம் இது. புகை தெரிந்த திசையில் வேலைக்குப் போனவருக்கு உடனே போன் போடுவார்கள். மருந்து அறைப் பக்கம் கைபேசி கொண்டுபோகக் கூடாது. ஆலை வாசலில் வைத்துவிட்டுப் போன கைபேசி அடித்துக்கொண்டே இருக்கும்.