நெல் வயல் நீரைக் குடிப்பது வெயிலா, மண்ணா?

கட்டிய நீர் இரண்டு நாளில் வற்றிவிட்டால், "வெயில் குடித்துவிட்டது" என்பது விவசாயிகள் வழக்கமாகச் சொல்வது. உண்மையில் வெயில் குடிப்பதற்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவை அறிந்தவர், டீசலுக்கும் மோட்டாருக்கும் ஆகும் செலவில் எது வீண் என்பதையும் அறிந்துகொள்ளலாம்.

வெயிலின் வரவு செலவு

வயலில் விழும் வெயிலில் ஒரு பகுதி எதிரொளித்து வானுக்கே திரும்பிவிடுகிறது. எஞ்சிய வெப்பத்திற்கு மூன்று செலவுகள்: நீரை ஆவியாக்குவது, காற்றைச் சூடாக்குவது, நீரையும் மண்ணையும் சூடாக்குவது. இவற்றில் முதல் செலவே பெரியது. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப்போல் சுமார் எட்டு மடங்கு, அதே நீரை ஆவியாக்கத் தேவைப்படுகிறது. எனவே, வெயில் எவ்வளவோ, ஆவியாகும் நீரும் அந்த அளவுக்குள்தான்.

பிலிப்பைன்ஸ் ஆய்வு

ஐ.ஆர். 8 நெல்லை 1966-ல் வெளியிட்ட லாஸ் பானோஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், 2008, 2009 ஆண்டுகளில் இந்தக் கணக்கு அளந்து பார்க்கப்பட்டது. ஒன்று நீர் கட்டிய வயல்; மற்றது நீர் கட்டாமல் ஈரத்தில் மட்டும் பயிர் செய்த வயல். பயிருக்கு மேலே நிறுத்திய கருவி, காற்று மேலும் கீழும் வீசும் வேகத்தையும் அது கொண்டு செல்லும் ஈரத்தையும் ஒரு விநாடிக்குப் பல முறை பதிவு செய்தது. கருவி ஒன்றே இருந்ததால், வாரந்தோறும் ஒரு வயலிலிருந்து மறு வயலுக்கு அதை மாற்றினார்கள்.

நீர் கட்டிய வயலில், ஆவியாக்கச் செலவான வெப்பம் 100 பங்கு என்றால், காற்றைச் சூடாக்கியது 14 பங்கே. நீர் கட்டாத வயலில் அது 24 பங்கு. நீர் கட்டிய வயலில் ஆவியாதல் 19 சதவீதம் மட்டுமே அதிகம். நீரைக் கட்டாமல் விட்டாலும் பயிர் தன் இலை வழியே நீரை வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கும். அதோடு, நீர் கட்டாத வயலில் விளைச்சலும் குறைந்தது. ஆகவே, பெரிய மிச்சத்தை ஆவியில் தேடிப் பயனில்லை. மண்ணுக்குள் இறங்கும் நீரில்தான் தேட வேண்டும்.

ஒரு குச்சி போதும்

இதை அறிய விவசாயிக்குக் கருவி வேண்டியதில்லை. இரவில் வெயில் இல்லை; ஆவியாதலும் மிகச் சொற்பம். மழையில்லாத நாளில் மாலை 6 மணிக்கு மடையை அடைத்து, வயலில் ஊன்றிய குச்சியில் நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். காலை 6 மணிக்கு மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ, அது ஏறக்குறைய முழுவதும் மண்ணிலும் வரப்பிலும் போன நீர். இரவில் 4 மில்லிமீட்டர் இறங்கினால் ஒரு நாளைக்கு 8 மில்லிமீட்டர்; ஏக்கருக்கு 32,000 லிட்டருக்கு மேல் வீண்.

கசிவு அதிகமானால், நண்டு வளைகளை அடைத்து, வரப்பில் அண்டை வெட்டிச் சேறு பூச வேண்டும். அடுத்த பருவத்தில் சேற்றுழவை நன்றாகச் செய்து, வயலைச் சமன்படுத்த வேண்டும்.

காய்ச்சலும் பாய்ச்சலும்

நீர் உயர்ந்து நிற்க நிற்க, அதன் பளுவால் மண்ணில் இறங்குவதும் கூடும். எனவே நட்ட இரண்டு வாரத்திற்குப் பின் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது நல்லது. களை மிகுந்த வயலில் இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம். 30 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய் அல்லது மூங்கிலின் அடிப்பாகத்தில் சுற்றிலும் துளையிட்டு, 20 செ.மீ. மண்ணுக்குள் இருக்குமாறு பதித்து, உள்ளிருக்கும் மண்ணை அகற்றிவிட வேண்டும். குழாயினுள் நீர் தரைமட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கியதும், 5 செ.மீ. உயரத்திற்கு நீர் கட்டலாம். பூக்கும் பருவத்திற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை வயலைக் காயவிடக் கூடாது.

வெயில் எடுக்கும் நீர் நெல்லாகத் திரும்பி வரும். வரப்பின் ஓட்டையில் போகும் நீர் வருவதில்லை. இன்று மாலையே ஒரு குச்சியை ஊன்றிப் பார்க்கலாம்.