அறிதலும் ஆற்றலும்

தாயகம் விட்டு அந்தமானில் குடியேறிய நம்மவருள் தம் மக்களை மருத்துவராக்க விழைவோர் பலர். முன்பு போர்ட் பிளேர் என வழங்கி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நகரில், 2015ஆம் ஆண்டு மருத்துவக் கல்லூரி தோன்றியது. 2019இல் சேர்ந்த மாணவர் முதல், நாடெங்கும் மருத்துவக் கல்வி முறை மாறிற்று.

மாற்றம் யாது? 'என்ன அறிவாய்?' என்று வினவிய கல்வி, 'என்ன செய்ய வல்லாய்?' என்றும் வினவலாயிற்று. முன்னர் முதலாண்டு மாணவர் நோயாளியைக் காண்பது அரிது. இன்று அவ்வாண்டிலேயே காண்கின்றார். ஊசியிடுதல், தையலிடுதல் முதலியவற்றை ஆசிரியர் முன் செய்துகாட்டி, பயிற்சி ஏட்டில் கையொப்பம் பெறவேண்டும். நோயாளியிடம் பேசும் முறையும் பாடமாயிற்று. தொடக்கப் பயிற்சியில் வட்டார மொழிக்கும் இடமுண்டு.

தீவுகளுக்கு இது சாலவும் தேவை. பெரிய நிக்கோபாரிலுள்ள காம்பெல்பே, தலைநகரிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ளது. கடல் சீறினால் கப்பல் வாராது. அங்குள்ள இளம் மருத்துவருக்குத் தம் கைத்திறனே துணை. வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி எனப் பன்மொழி வழங்கும் இத்தீவுகளில், 'நெஞ்சு கரிக்கிறது' என்று நம் மூதாட்டி உரைப்பதன் பொருளை உணர்வதும் மருத்துவத் திறனேயாம்.

எனினும், கையொப்பம் வேறு, கைத்திறன் வேறு. போதிய ஆசிரியரும் நேரமும் இல்லையேல் ஏடு நிரம்பும், கை பழகாது. ஆதலின் மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளிடம், 'மதிப்பெண் எத்தனை?' என்பதோடு, 'எதைச் செய்யக் கற்றாய்?' என்றும் நாம் கேட்போமாக.